டால்ஃபின் சத்தமும் குழந்தையின் மூளையும்

“டால்ஃபின் ஒரு சத்தம் விடுமாம். அது குழந்தையோட மண்டைக்குள்ள போய் மூளையைத் தட்டி எழுப்பிடுமாம்.” மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வாயால் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. துபாயில் இருக்கும் சித்தப்பா சொன்னாராம். வாட்ஸப்பில் வீடியோ வந்ததாம். என்னிடம் வரும் குடும்பங்களில் ஒன்று, நகையை அடகு வைத்துத் துருக்கிக்கே போய்வந்தும் விட்டது. இந்தியாவில் டால்ஃபின் காட்சியகங்களுக்கு 2013-லேயே அனுமதி மறுத்தாயிற்று. ஆகவே விமானம் ஏறினால்தான் இந்த வைத்தியம். கதைக்கு இத்தனை மவுசு வந்ததற்கு அந்தத் தூரமும் ஒரு காரணம்.

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். அல்ட்ராசவுண்ட் மெஷின் என் மேசையிலேயே இருக்கிறது. அதனால் சத்தக் கதையை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

சிகிச்சை மெஷின் 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஜெல் தடவி, அதன் தலையைத் தோலோடு ஒட்டவைத்து, கையகல இடத்திலேயே சில நிமிடங்கள் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். நடுவில் காற்று புகுந்தாலே பலன் போச்சு. இவ்வளவும் செய்வது தசை வலிக்காகத்தான். அதிலேயே எவ்வளவு பலன் என்று எங்கள் துறைக்குள் சண்டை தீரவில்லை. டால்ஃபினின் சத்தமோ பெரும்பாலும் 120 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 1 மெகாஹெர்ட்ஸ் மெஷினில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு ‘டிக்’கும் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அது மீன் எங்கே, பாறை எங்கே என்று துழாவுவதற்கு இயற்கை கொடுத்த கருவி. அந்தக் கருவிக்கு உங்கள் பிள்ளையின் மூளையில் வேலை இல்லை.

பெர்லினைச் சேர்ந்த கார்ஸ்டன் பிரென்சிங் குழுவினர் ஃபுளோரிடாவில் டால்ஃபின்கள் நோயாளிகளோடு எப்படிப் பழகுகின்றன என்று உட்கார்ந்து கவனித்தார்கள். 2003-ல் வெளியான அவர்கள் ஆய்வின் முடிவு: அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்குத் தேவைப்படும் நெருக்கமோ, நேரமோ, திரும்பத் திரும்பச் செய்வதோ அங்கே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எனக்கு இன்னும் பயமாக இருந்திருக்கும். வளரும் எலும்பு முனைகள் மேல் அல்ட்ராசவுண்ட் வைக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்று படிக்கும்போதே எங்கள் தலையில் குட்டிச் சொல்லித்தருவார்கள். டோஸ் இன்னதென்று தெரியாத, இஷ்டத்துக்குத் திரும்புகிற ஒரு கருவியைப் பிள்ளையின் தலைக்கு நேரே பிடிக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? அதுவே வாலும் துடுப்பும் வைத்து வந்தால் வரிசையில் நிற்கிறோம்.

“ஆனா பையன் மாறியிருக்கானே மேடம்?” என்று துருக்கி போய்வந்த அந்த அம்மா கேட்டார். மாறித்தான் இருந்தான். முன்பு கையைத் தொட்டாலே முறுக்கிக்கொள்கிறவன், வந்த பிறகு பந்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தான். அங்கே என்னவெல்லாம் நடந்தது என்று விசாரித்தேன். தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தெரபிஸ்ட், அவனுக்கென்று மட்டும். மதியம் கரையில் விளையாட்டுப் பயிற்சி. அப்பாவுக்கு ஆபீஸ் இல்லை, அம்மாவுக்கு அடுப்படி இல்லை; இரண்டு பேரும் நாள் முழுக்க அவன் பக்கத்தில். இங்கே இருக்கும்போது வாரத்துக்கு ஒருநாள், அதுவும் பஸ் பிடித்து அரக்கப்பரக்க ஓடிவந்து அரைமணி நேரம். டால்ஃபினை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அந்த மிச்சம்தான் சிகிச்சை.

டால்ஃபினை எடுத்துவிட்டுப் பார்ப்பதைத்தான் இதை விற்றவர்கள் சரியாகச் செய்து காட்டவில்லை. ஃபுளோரிடாவில் இதைப் பிரபலமாக்கியவர் டேவிட் நேதன்சன் என்ற உளவியலாளர். அவர் முறையில் டால்ஃபின் வெறும் பரிசு: சொன்ன வேலையைப் பிள்ளை செய்தால் டால்ஃபினைத் தொடலாம். நாய்க்குட்டியோ ஊஞ்சலோ அந்தப் பரிசாக இருந்தால் என்ன குறைந்துபோகும்? பலன் நீடித்ததற்கு ஆதாரமாக அவர் காட்டியது பெற்றோர் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள்களை. அவ்வளவு பணம் கட்டியவர் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுத மனசு வருமா? லோரி மரினோவும் ஸ்காட் லிலியன்ஃபெல்டும் 1998-ல் ஒருமுறை, 2007-ல் மறுமுறை இந்த ஆய்வுகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். குழந்தையின் அடிப்படைக் குறைபாட்டில் நிலைத்த மாற்றம் வந்ததற்கு நம்பத்தகுந்த சான்று இரண்டு முறையும் தேறவில்லை. 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஹோண்டுராஸ் ஆய்வை உடனே எடுத்து நீட்டுவார்கள். அதில் இருந்தவர்கள் மனச்சோர்வுள்ள பெரியவர்கள், மொத்தம் 30 பேர். அதை வைத்து மூளை முடக்குவாதத்துக்கு மருந்து எழுத முடியாது.

டால்ஃபின் சிகிச்சையை 1970களில் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான பெட்ஸி ஸ்மித் பின்னாளில் தானே அதைக் கைவிட்டு, எதிர்த்தும் பேசினார். அந்தச் சேதி மட்டும் ஏனோ வாட்ஸப்பில் வருவதில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக நேரம் வேண்டாம். டால்ஃபின் எப்போதும் சிரிக்கிறது என்கிறார்கள். அது தாடையின் அமைப்பு, செத்தாலும் அப்படித்தான் இருக்கும். சாது என்கிறார்கள், இருநூறு கிலோவுக்கு மேல் எடை, வாய் நிறையப் பல், கடிபட்டவர்களும் இடிபட்டு எலும்பு முறிந்தவர்களும் உண்டு. பிள்ளைகள்மேல் பிரியப்பட்டுத் தானாக வருகிறது என்கிறார்கள்; வாளியில் மீன் இருக்கிறது, அதனால் வருகிறது. அவை பிடிபட்டு வரும் வழியும் நல்லதல்ல: ஜப்பானின் டைஜியில் வளைத்துப் பிடித்து விற்கப்படும் டால்ஃபின்களை வாங்குவதில்லை என்று 2015-ல் அந்நாட்டு உயிரியல் பூங்காச் சங்கமே முடிவெடுக்க வேண்டிவந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1990களின் இறுதியில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘டால்ஃபின் சிட்டி’ காட்சியகத்துக்காகக் கொண்டுவந்த டால்ஃபின்கள் சில மாதங்களிலேயே செத்துப்போயின. தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாத இடத்தில் அது யாரைக் குணப்படுத்தும்?

அதே சாலையில்தான் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பிசியோ, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில். துருக்கிக்கு விசா வாங்கிய அந்தக் குடும்பத்துக்கு அப்படியொரு இடம் இருப்பதே தெரியாது. மாவட்டந்தோறும் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் வாசலையும் மிதித்ததில்லை.

தண்ணீர் மட்டும் நிஜம். மிதக்கும்போது மூட்டுகள்மேல் விழும் உடல் பாரம் குறைகிறது; இதமான சூட்டில் இறுகிய தசை சற்றுத் தளர்கிறது; தரையில் எட்டு வைக்காத கால் தண்ணீரில் வைக்கும். இதற்கு நம் ஊரில் என்ன வசதி இருக்கிறது? மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலைவரை போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது; பிறகு சரிசெய்தார்கள். நல்ல காரியம், இன்னும் பத்து ஊருக்கு வேண்டும். ஆனால் மாநகராட்சி நீச்சல் குளங்கள்? சக்கர நாற்காலியோடு இறங்க ஒரு சாய்தளம், பிடித்துக்கொள்ளக் கம்பி, உடை மாற்ற அகலமான அறை, வாரத்தில் ஒரு காலை நம் பிள்ளைகளுக்கு மட்டும். கேட்டால் ‘நிதி இல்லை’ என்பார்கள். மனுவில் இருபது பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோங்கள், நானும் போடுகிறேன்.

அதுவரை தெரிந்த குளத்தில் இறக்குவதானால், வலிப்பு வரும் பிள்ளையானால் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். கழுத்து நிற்காத குழந்தையைக் காற்றடைத்த டியூபை நம்பி விடாதீர்கள். ஒரு பெரியவர் கை எப்போதும் பிள்ளைமேல் இருக்கட்டும். வாரம் இரண்டு முறை போதும், இடையில் விடாமல்.