நோய்ப் படுக்கையருகே: கேட்டறிந்து செய்யும் பணிவிடை

நம் படப்பையிலிருந்து தாம்பரம் சென்று மின்ரயிலில் கடற்கரை நோக்கிப் பயணம் செய்வோர், அடுத்த நிலையத்தின் பெயர் ‘தாம்பரம் சானடோரியம்’ என்பதை அறிவர். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோயாளருக்கென ஒரு மருத்துவமனையை நிறுவினார். அந்நோயை வெல்லும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. தூய காற்றும் ஓய்வும் சத்துள்ள உணவுமே சிகிச்சையாக இருந்தன. நோயைத் தீர்க்க இயலாத நிலையிலும் நோயாளியின் துன்பத்தைக் குறைக்க இயலும் என்பதே அவ்விடம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

துறவியர்க்கும் நோயுற்றோர்க்கும் செய்யும் பணிவிடையை ‘வையாவிருத்தியம்’ என்று கூறி, அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக நம் முன்னோர் வைத்தனர். இல்லறத்தார்க்கு அத்தவம் தாய் தந்தையரின் படுக்கையருகே தொடங்குகிறது. அதற்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

நான் செய்த பிழை

1997ஆம் ஆண்டு என் தாயார் புற்றுநோயால் மருத்துவமனையில் இருந்தார். நாள்தோறும் மாலையில் பள்ளி முடிந்ததும் சென்று, “அம்மா, பரவாயில்லையா?” என்று கேட்பேன். “ஒன்றுமில்லையம்மா, நன்றாக இருக்கிறேன்” என்பார். ஆறு நாட்கள் இவ்வாறே கழிந்தன. ஏழாம் நாள், பயிற்சிச் செவிலியான ஓர் இளம்பெண் அவரிடம், “பாட்டியம்மா, நேற்று இரவு எத்தனை முறை விழித்தீர்கள்? எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது?” என்று கேட்டாள். இடப்பக்கம் படுக்கவே முடியவில்லை என்றும், உறங்கி நான்கு நாட்களாயின என்றும் தாயார் கூறினார்.

நான் தலைகுனிந்தேன். “புரிந்ததா?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் “புரிந்தது” என்றே சொல்லும், ஆகவே அவ்வாறு கேட்கலாகாது என்று ஆசிரியப் பயிற்சியில் படித்தவள் நான். பிறர்க்கும் அதனைக் கற்பித்தவள். பெற்ற தாயிடம் அதனை மறந்தேன். பிள்ளைகள் வருந்துவர் என்று பெற்றோர் வலியை மறைப்பர். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடும் கேள்வி அம்மறைவுக்குத் துணைபோகும்.

வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று செவிலி கேட்டபோது தாயாருக்கு விளங்கவில்லை. “ரூபாய்க்கு எத்தனை அணா வலி?” என்று நான் கேட்டேன். “பன்னிரண்டு அணா” என்று உடனே விடை வந்தது. மருத்துவர் மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றினார். அன்றிரவு தாயார் ஐந்து மணி நேரம் உறங்கினார். அதன்பின் ஒன்பது நாட்களே அவர் இருந்தார். அந்த ஒன்பது நாட்கள் எனக்கு ஆறுதல். முந்திய ஆறு நாட்கள் இன்றும் என் நெஞ்சில் முள்.

வலியைப் பற்றி அறிய வேண்டியவை

செவிலியாகவும் பின்னர் மருத்துவராகவும் விளங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967ஆம் ஆண்டில் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். உடல் நோவு, மனக்கவலை, குடும்பக் கவலை, ஆன்மத் தவிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்றார். வலி முற்றியபின் மருந்து தருவதை விடுத்து, வலி எழுமுன்பே வேளை தவறாது தர வேண்டும் என்பதையும் நிலைநாட்டினார். நம் நாட்டில் 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்புச் சேவை இவ்வழியில் பலருக்கு முன்மாதிரியாயிற்று.

மார்ஃபின் என்றவுடன் பலர் அஞ்சுகின்றனர். கடும் வலிக்கு மருத்துவர் அளந்து தரும்போது அதற்கு அடிமையாதல் அரிது. மலச்சிக்கல் உண்டாகும், அதற்குரிய மருந்தையும் உடன் கேட்டுப் பெறுதல் வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிருந்தது; 2014இல் வந்த திருத்தம் அந்நிலையைத் தளர்த்தியது.

செய்யத் தக்கவை

1. தாமே புரள இயலாதவரை இரண்டு மணிக்கொருமுறை, செவிலியின் துணையோடு, பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பின் பின்புறம், குதிகால், தோள் ஆகிய இடங்களில் தோல் சிவந்துள்ளதா என்று நாள்தோறும் பார்த்தல் வேண்டும். படுக்கைப்புண் அங்கேதான் தொடங்கும்.

2. படுத்த நிலையில் உணவோ நீரோ தரலாகாது. தலைப்பக்கத்தை உயர்த்தித் தந்து, அரை மணி நேரம் அவ்வாறே இருக்கச் செய்க. இருமல் வந்தால் உடனே நிறுத்திச் செவிலியிடம் தெரிவிக்க. விழுங்க இயலாதவருக்கு ஈரத்துணியால் உதடுகளை நனைத்தாலே பெரும் ஆறுதல்.

3. மூக்குக்கண்ணாடி, காதுகேட்கும் கருவி, பல்செட் ஆகியவற்றை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். கடிகாரமும் நாட்காட்டியும் கண்ணில் படுமாறு இருக்கட்டும். இரவுபகல் தெரியாமல் முதியோர் மனம் குழம்புவதை இவை குறைக்கும்.

4. இரவுணவு உண்ணா விரதம் உடையவராயின், மாலை உணவை முன்னதாகத் தரவும் மருந்து வேளைகளை மாற்றி அமைக்கவும் இயலுமா என்று முதல்நாளே மருத்துவரிடம் கேளுங்கள். மாற்ற இயலாத மருந்து இருப்பின், அதனை நோயாளியிடமே விளக்கி, அவர் முடிவைக் கேட்க வேண்டும். அவருக்காக நாம் முடிவு செய்தலும் வற்புறுத்தலும் முறையல்ல.

5. பார்வையாளர் கூட்டத்தைக் குறையுங்கள். நோயாளி கண்மூடிக் கிடக்கையில் சொத்துப் பேச்சும் செலவுக் கணக்கும் வேண்டா. கனடாவின் வான்கூவரில் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில், இறுதி நேரத்தில் நினைவிழந்திருந்த சிலரின் மூளை ஒலிக்கு மறுமொழி காட்டியது தெரிந்தது. ஆகவே அவர் விரும்பும் குரலும் துதியும் செவியில் விழட்டும்.

வீடு திரும்பியபின்னும் இப்பணி தொடரும். 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லத்திலேயே நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பயன்பெறலாம்.

நமக்கு நாமே கேட்டுக்கொள்ள

1. இன்று என் தாயிடம் அல்லது தந்தையிடம் ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடியாத ஒரு கேள்வியேனும் கேட்டேனா?

2. அவர் தந்த விடையைச் செவிலியிடமும் மருத்துவரிடமும் அன்றே சேர்த்தேனா?

3. அவர் விரும்புவது யாது என்பதை, அவர் சொல்லும் வலிமையோடு இருக்கும்போதே கேட்டறிந்தேனா?

மூன்றாம் கேள்வியை நான் காலம் கடந்தே கேட்டேன். இதனைப் படிப்போர் இன்றே கேட்பாராக.