கம்ப்யூட்டரைச் 'சுத்தம்' செய்யும் முன் ஒரு நிமிஷம்



கீழப்பழுவூரில் நம் அலுவலகக் கம்ப்யூட்டர் ஒரு சமயம் ரொம்ப மெதுவாகிப் போனது. ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை வராது. அப்போது, 'உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரத்துக்கும் மேல் பிழைகள் உள்ளன, உடனே சுத்தம் செய்யுங்கள்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. பயந்துபோய் அமுக்கிவிட்டோம். மறுநாள் பிரிண்டர் ஓடவில்லை. இரண்டு நாளில் விண்டோஸே திறக்கவில்லை. பழுது பார்த்தவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். பென் டிரைவில் இருந்த நகல் பழையது. மூன்று மாத உள்கடன் கணக்கு போச்சு. கையால் எழுதிய பேரேடும் உறுப்பினர்களின் பாஸ்புக்கும் இருந்ததால் வரி வரியாகத் திரும்ப ஏற்றினோம். அதற்குள் இரண்டு அக்காக்களின் தவணையில் சந்தேகம் வந்து, கூட்டத்தில் சத்தமும் போட்டாச்சு.

நாம் அமுக்கியது 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' என்ற வகை மென்பொருள். ரெஜிஸ்ட்ரி என்றால் விண்டோஸின் பதிவேடு. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, பிரிண்டர் எது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். ஒரு மென்பொருளை நீக்கினாலும் அதன் சில வரிகள் அதில் தங்கிவிடும். நம் குழுவை விட்டு விலகினவங்க பக்கம் பழைய பேரேட்டில் இருக்கிற மாதிரி. அந்தப் பக்கம் இருப்பதால் நம் கூட்டம் தாமதமாகுதா? இல்லையே. ஆனால் கணக்கு தெரியாத ஒருத்தர் 'இது வேண்டாத பக்கம்' என்று கிழிக்க ஆரம்பித்தால், கடன் பாக்கி உள்ள பக்கமும் சேர்ந்து போகும். விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாப்ட் நிறுவனமே இந்த வகை மென்பொருளை ஆதரிப்பதில்லை என்றும், இதனால் வரும் கோளாறு சரியாகும் என்று உறுதி தர முடியாது என்றும் சொல்லியிருக்கிறது.

அப்போ அந்த ஆயிரம் பிழை? அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடையில் நடந்ததைக் கேளுங்கள். இலவசமாகச் சோதிக்கிறோம் என்று வாடிக்கையாளரிடம் நான்கு கேள்வி கேட்பார்கள். மெதுவா ஓடுதா, அடிக்கடி நின்னு போகுதா என்கிற மாதிரி. ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் போதும், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் 'கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது' என்று திரை காட்டும். பிறகு பழுது நீக்கக் காசு. 2019-ல் அந்தக் கடையும் மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

நல்ல பேர் வாங்கிய மென்பொருளிலும் ஆபத்து வரலாம். சிகிளீனர் உலகம் முழுக்கப் பலர் வைத்திருப்பது. 2017-ல் அதைத் தயாரித்த இடத்திலேயே திருடர்கள் புகுந்து, வெளியான பதிப்புக்குள் கள்ள நிரலைச் சேர்த்துவிட்டார்கள். 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கம்ப்யூட்டரில் அது ஏறியது.

மெதுவாவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. டிஸ்க் நிரம்பியிருக்கும். ஆன் செய்ததும் தானாக ஓடும் மென்பொருள்கள் அதிகம் இருக்கும். நினைவகம் குறைவாக இருக்கும். நம் ஊரில் லாரி போகிற ரோட்டோரத் தூசியும் சும்மா விடாது, மின்விசிறியை அடைத்துச் சூடாக்கும். டிஸ்க்கில் இடம் பண்ண விண்டோஸிலேயே 'டிஸ்க் கிளீனப்' இருக்கிறது, அது இலவசம். விண்டோஸின் சில பழைய பதிப்புகளில் அதில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெட்டியும் இருந்தது, அது டிக் ஆகியிருந்தால் நாம் இறக்கி வைத்த படிவங்கள் போய்விடும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுத்து, அதைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். 'சிஸ்டம் ரீஸ்டோர்' புள்ளி ஒன்றும் உருவாக்குங்கள். விண்டோஸ் கோளாறானால் பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும், ஆனால் அழிந்த கணக்கைக் கொண்டு வராது. பழுது பார்ப்பவரிடமும் 'ஃபார்மட் பண்ணும் முன் எங்களைக் கேளுங்க' என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

'மைக்ரோசாப்டிலிருந்து பேசுறோம், உங்க கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள், அவர்கள் அப்படித் தானாகக் கூப்பிடுவதில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நம் அலுவலகத்தில் இப்போது மாதக் கூட்டம் முடிந்த அன்றே நகல் எடுக்கிறோம். ஒரு பென் டிரைவ் பொருளாளரிடம், இன்னொன்று ஊக்குநரிடம்.