கிளவுடில் போட்டதைக் கணக்கெடுப்பது எப்படி? கொல்லிமலைத் தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

கண்ணு, கொல்லிமலையை வானத்திலிருந்து எடுத்த பல ஆண்டுப் படங்கள் ஒரு பொது பக்கெட்டில், அதாவது கிளவுடில் ஃபைல்களைப் போட்டுவைக்கும் ஓர் இடத்தில், இருக்கின்றன. பார்க்கக் காசு வேண்டாம், கணக்கு தொடங்கவும் வேண்டாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் அவை. எலிமென்ட் 84 என்ற நிறுவனம் அவற்றைக் கையாள வசதியான வடிவத்துக்கு மாற்றி, அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-இல் 'சென்டினல்-காக்ஸ்' என்ற பக்கெட்டில் வைத்திருக்கிறது. படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். எந்தச் சரிவு எந்த மாதத்தில் பச்சை கட்டியது என்று பார்க்க அது போதும். ஏபிஐ வழியாகப் பட்டியல் எடுக்கப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே உனக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி. என்ன தப்பாக எழுதினாலும் ஒரு ஃபைலும் அழியாது. இங்கே பழகிவிட்டு உன் சொந்த பக்கெட்டுக்குப் போ.

முதலில் ஃபோல்டர் என்ற நினைப்பை விட்டுவிடு. பக்கெட்டுக்குள் ஃபோல்டர் கிடையாது. உள்ளே இருக்கும் ஃபைலை ஆப்ஜெக்ட் என்பார்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஒரே நீளப் பெயர், அதைக் கீ என்பார்கள். நடுவில் வரும் சாய்கோடும் அந்தப் பெயரில் ஒரு எழுத்துதான். கொல்லிமலைப் படங்களின் கீ, 'சென்டினல்-எஸ்2-எல்2ஏ-காக்ஸ்/44/பி/கேடி/2024/2/' என்று தொடங்கும். ஸ்கிரிப்டில் இதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். 44 என்பது யூடிஎம் மண்டலம், 'பி' அட்சரேகைப் பட்டை, 'கேடி' அதற்குள் 100 கிலோமீட்டர் சதுரம் ஒன்று. கொல்லிமலையோடு பச்சைமலை, துறையூர், பெரம்பலூர் எல்லாம் அந்தச் சதுரத்தில் விழுகின்றன. அதன் பின்னால் ஆண்டு, மாதம்.

பட்டியல் கேட்கும் அழைப்புக்குப் பெயர் லிஸ்ட்ஆப்ஜெக்ட்ஸ்வி2. பழைய முதல் பதிப்பு இன்னும் ஓடுகிறது, ஆனால் புதிதாக எழுதுகிற நீ இரண்டாவதையே எடுத்துக்கொள். அதில் ப்ரிஃபிக்ஸ் கொடுத்தால், அந்த எழுத்துகளில் தொடங்கும் கீகள் மட்டும் வரும். டெலிமிட்டராகச் சாய்கோட்டையும் கொடுத்தால், அடுத்த சாய்கோடு வரை ஒரேமாதிரி இருப்பவற்றைச் சுருட்டி 'காமன்ப்ரிஃபிக்ஸஸ்' என்று தனியாகத் தரும். நம் கண்ணுக்கு ஃபோல்டர்போலத் தெரிவது அந்தச் சுருட்டல்தான். '2024/' வரைக்கும், கடைசிச் சாய்கோட்டையும் சேர்த்து, ப்ரிஃபிக்ஸ் கொடுத்து டெலிமிட்டரோடு கேட்டுப் பார். மாதங்கள் 1, 10, 11, 12, 2, 3 என்று வரிசையாகும். எஸ்3 எண்ணைப் படிப்பதில்லை, பைட்டைப் படிக்கிறது. அதனால் உன் பக்கெட்டில் தேதியை '2025-02-09' என்று ஆண்டு முதலில் வைத்து, பூஜ்யம் சேர்த்தே எழுது. அப்படி எழுதினால் பட்டியல் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது, பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம். ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 1,000 பெயர்தான் வரும். மேக்ஸ்கீஸ் என்ற இடத்தில் 5,000 என்று எழுதினாலும் 1,000தான். சுருட்டிய காமன்ப்ரிஃபிக்ஸ் ஒவ்வொன்றும்கூட அந்தக் கணக்கில் சேரும். 600 படம் இருந்தபோது ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், 1,001-வது படத்திலிருந்து பொய் சொல்லத் தொடங்கும். எரர் ஏதும் வராது, அதுதான் ஆபத்து. பதிலில் 'இஸ்ட்ரங்கேட்டட்' உண்மை என்று இருந்தால் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். கூடவே வரும் நெக்ஸ்ட்கன்டினியூவேஷன்டோக்கனை அடுத்த அழைப்பில் திருப்பிக் கொடுக்க வேண்டும். காரவள்ளியிலிருந்து ஏறும் பஸ் 70 கொண்டை ஊசி வளைவையும் ஒவ்வொன்றாகத்தான் கடக்க முடியும். இதுவும் அப்படியே, 40-வது பக்கத்தைக் கொடு என்று நேராகக் கேட்க முடியாது. ஆனால் ஒரு பெயரைச் சொல்லி அதற்கு அப்புறம் இருப்பதைத் தா என்று கேட்கலாம், அதற்கு ஸ்டார்ட்ஆஃப்டர். தேதியை ஒழுங்காக வைத்திருந்தால், ஒரு ப்ரிஃபிக்ஸுக்குள் நேற்று எதுவரை படித்தோமோ அதற்குப் பின்னால் வந்ததை மட்டும் எடுக்க இந்த ஒன்றே போதும்.

பைத்தானில் போட்டோ3 லைப்ரரி வைத்திருப்பவர்களுக்கு பேஜினேட்டர் இருக்கிறது, டோக்கன் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அதையே பயன்படுத்து, லூப்பைக் கையால் எழுதுவதில் பெருமை ஒன்றும் இல்லை. கூகுள் கிளவுடில் இதே டோக்கனுக்கு நெக்ஸ்ட்பேஜ்டோக்கன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் அஸூரில் நெக்ஸ்ட்மார்க்கர். அங்கே ஒரு பக்கத்துக்கு 5,000 வரை வரும். இந்த இரண்டிலும் ஒரு பக்கம் பாதியாகவோ காலியாகவோ வந்து, டோக்கன் மட்டும் இருக்கக்கூடும். எனவே எத்தனை பெயர் வந்தது என்று எண்ணி நிறுத்தாதே. டோக்கன் இல்லாமல் போகும்போது நிறுத்து.

இனி நான் மனதார வற்புறுத்தும் விஷயம், தமிழ்ப் பெயர்கள். கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஒவ்வொன்றிலும் உள்ளூர் ரகங்கள் உண்டு. சாமையிலேயே வெள்ளைப் பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று போகும். மரவள்ளி பரவிய பிறகு இவற்றின் நிலம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் மலை மக்களோடு சேர்ந்து விதை வங்கி, பயிர்ப் பாதுகாப்பு என்று அங்கே வேலை செய்துவருகிறது. இந்த ரகங்களை நீ படமெடுத்து கிளவுடில் வைக்கிறாய் என்றால், பெயரைத் தமிழிலேயே வை. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒருவர் 'எஸ்' போட்டுச் சாமை எழுதுவார், இன்னொருவர் 'சிஹெச்' போடுவார், மூன்றாமவர் 'ஏ' இரண்டு போடுவார். ப்ரிஃபிக்ஸ் ஓரெழுத்து மாறினாலும் பொருந்தாது, ஒரே ரகம் மூன்றாகச் சிதறும். எஸ்3 கீ யூடிஎஃப்-8 எழுத்துகள் எதையும் ஏற்கும். 1,024 பைட் வரை இடம் தரும். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட் போகும். 'கொல்லிமலை' 27 பைட். இடம் தாராளம்.

ஆனால் அந்த 'கொல்லிமலை' என்ற பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. எஸ்3-க்கோ ஒன்று 27 பைட், மற்றது 30 பைட். முற்றிலும் வேறு வேறு பெயர்கள். ஒன்றை ப்ரிஃபிக்ஸாகக் கொடுத்தால் மற்றது பட்டியலில் வராது. வரிசையிலும் பிரிந்து நிற்கும்: சேர்த்து எழுதியது 'கை' தாண்டிப் போகும், பிரித்து எழுதியது 'கெ' கூட்டத்தில் உட்காரும். 'கோ', 'சோ', 'போ' எல்லாவற்றுக்கும் இதே கதை, எனவே சோளக்காடு என்ற ஊர்ப்பெயரும் மாட்டிக்கொள்ளும். ஆப்பிள் மேக்கின் பழைய ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அதிலிருந்த பழைய படங்களை அப்படியே ஏற்றினால் இது நிச்சயம் வரும்.

தீர்வு ஒரே வரி. ஏற்றுவதற்கு முன்பும், ப்ரிஃபிக்ஸ் கொடுப்பதற்கு முன்பும், பெயரை என்எஃப்சி என்ற சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்று. பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் அதைச் செய்கிறது. பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தையும் அதே இடத்தில் வெட்டிவிடு. ஏற்கெனவே ஏற்றியவற்றில் சந்தேகம் இருந்தால், முழுப் பட்டியலையும் எடுத்து ஒவ்வொரு கீயையும் என்எஃப்சி ஆக்கி, பழைய பெயரோடு ஒப்பிடு. மாறியவை எல்லாம் சரிசெய்ய வேண்டியவை. எஸ்3-இன் சாதாரண பக்கெட்டில் இருக்கும் ஆப்ஜெக்டுக்குப் பெயர் மாற்ற முடியாது. புதிய பெயரில் நகல் எடுத்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். நகல் சரியாக வந்ததா என்று பார்க்காமல் அழித்துவிடாதே.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். எஸ்3 தரும் தமிழ் வரிசை நம் அகராதி வரிசை கிடையாது. யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடும், றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கும், புள்ளி வைத்த மெய் கடைசிக்குப் போகும். ஊர்ப் பெரியவர்களுக்குக் காட்ட அச்சிடுவதாக இருந்தால், பட்டியலை வாங்கிய பிறகு நீயே மறுபடி வரிசைப்படுத்து.

பெயரின் அமைப்பைப் பற்றிக் கேட்பாய். மலையில் ஏற்கெனவே ஒரு ஒழுங்கு இருக்கிறது: நாடு, அதற்குள் ஊர். 'வாழவந்திநாடு/செம்மேடு/சாமை/2025-02-09_001' என்று வைத்தால் நாடு வாரியாகவும் ஊர் வாரியாகவும் ஒரே ப்ரிஃபிக்ஸில் கேட்கலாம். எல்லா நாட்டிலும் உள்ள சாமையை மட்டும் கேட்க முடியாது, ஏனென்றால் ப்ரிஃபிக்ஸ் முன்னாலிருந்துதான் பொருந்தும், நடுவிலிருந்து பொருந்தாது. அடிக்கடி கேட்கப்போகிற கேள்வி எதுவோ அதைப் பெயரின் முதலில் வை. விதை ஆராய்பவர்களுக்கு ரகமும், ஊராட்சி வேலை பார்ப்பவர்களுக்கு நாடும் முதலில் இருப்பது நல்லது.

மலையில் நெட் அறுந்து அறுந்து வரும் இடங்களில் இருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பெரிய வீடியோக்கள் துண்டு துண்டாகத்தான் ஏறும், மல்டிபார்ட் அப்லோடு என்பது அதுதான். நடுவில் சிக்னல் போனால் ஏறிய துண்டுகள் அப்படியே நிற்கும். சாதாரணப் பட்டியலில் அவை தெரியாது, ஆனால் இடத்துக்குப் பணம் ஏறிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பார்க்க லிஸ்ட்மல்டிபார்ட்அப்லோட்ஸ் என்ற தனி அழைப்பு இருக்கிறது. பக்கெட் தொடங்கிய அன்றே லைஃப்சைக்கிள் விதி ஒன்று போட்டு, 7 நாளில் முடியாத அப்லோடுகள் தானாக நீங்கும்படி செய். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வெர்ஷனிங் போட்ட பக்கெட்டிலும் இதே சங்கதி. அழித்த ஃபைல் பட்டியலிலிருந்து மறையும், பழைய வெர்ஷன் உள்ளே இருந்து காசு கேட்கும். லிஸ்ட்ஆப்ஜெக்ட்வெர்ஷன்ஸ் கூப்பிட்டால்தான் முழு உண்மை வெளிவரும்.

அனுமதியில் குழப்பம் வந்தால் இதைப் பார். பட்டியல் எடுக்க வேண்டிய அனுமதி லிஸ்ட்பக்கெட், அதை பக்கெட்டின் பெயருக்கே கொடுக்க வேண்டும். ஆப்ஜெக்டைத் திறக்கும் அனுமதியான கெட்ஆப்ஜெக்டை மட்டும் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்த ஆப்ஜெக்ட் முகவரிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் நட்சத்திரத்தோடு எழுதிவிட்டு, படம் திறக்கிறது, பட்டியல் மட்டும் 403 என்கிறதே என்று தவிப்பவர்கள் ஏராளம்.

பட்டியலில் வரும் லாஸ்ட்மாடிஃபைட், ஏற்றிய நேரம். படமெடுத்த நேரம் இல்லை. அதுவும் யூடிசி. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள். விடிகாலை 5 மணிக்கு ஏற்றியது முந்தைய நாள் தேதியில் நிற்கும். ஏற்றிய உடனே பட்டியலில் தெரியாது, கொஞ்சம் காத்திரு என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2020 டிசம்பரிலிருந்து எஸ்3-இல் அந்தத் தாமதம் கிடையாது.

செலவுக்குப் பயப்படாதே, ஆனால் வீணடிக்காதே. அமெரிக்க வர்ஜீனியா ரீஜனின் ஸ்டாண்டர்ட் விலையில் 1,000 லிஸ்ட் அழைப்புக்கு 0.005 டாலர். 10 லட்சம் ஆப்ஜெக்டை முழுக்கப் பட்டியலிட அரை சென்ட். ஆனாலும் ஒரு படத்தை எடுக்கும் கெட் அழைப்பைவிட லிஸ்ட் 12 மடங்குக்கு மேல் விலை. வெப்சைட்டில் ஒவ்வொருவர் வரும்போதும் பட்டியலை எடுக்கும்படி எழுதினால் காசும் போகும், பக்கமும் இழுக்கும். ஒரு முறை எடுத்து சிஎஸ்வி-யில் வைத்து அதைக் காட்டு. கோடிக்கணக்கில் போனால் எஸ்3 இன்வென்டரியைப் போட்டுவிடு. தினமோ வாரமோ பட்டியலை ஃபைலாகவே எழுதிவைக்கும்.

லிஸ்டிடம் தேடச் சொல்லாதே. பிப்ரவரியில் மேகமில்லாத கொல்லிமலைப் படம் வேண்டும் என்பது தேடல். ஆப்ஜெக்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது லிஸ்டுக்குத் தெரியாது. சென்டினல் படங்களுக்கு அதற்கென்றே எர்த் சர்ச் என்ற கேட்டலாக் ஏபிஐ இருக்கிறது. இடம், தேதி, மேக சதவீதம் கொடுத்தால் படத்தின் முகவரியைத் தரும். உன் சாமைப் படங்களுக்கும் அதுபோல ஒரு சிறு டேபிள் வேண்டும்: கீ, ரகம், யார் வயல், விதைத்த நாள், சொன்னவர் பெயர். பெயர் போடுவதற்கு முன் அவர்களிடம் சம்மதம் கேள்.

அடுத்த விதைப்புக்கு முன் உன்னோடு படமெடுக்கும் எல்லாரையும் உட்கார வைத்து, நாடு, ஊர், ரகம், தேதி எந்த வரிசையில் எப்படி எழுதுவது என்று ஒரே தாளில் எழுதி ஒப்புக்கொள்ளச் செய். ஸ்கிரிப்டை அதற்குப் பிறகு எழுது, கண்ணு.