ஆட்டிசம் சான்று மறுக்கப்பட்டால் எங்கே முறையிடுவது?

உங்கள் குழந்தைக்கு ஆட்டிசம் சான்று தர முடியாது என்று ஓர் அலுவலகம் சொல்லிவிடுகிறது. அல்லது சதவீதம் போதாது என்கிறார்கள், பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வரமாட்டார் என்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்துப் பெற்றோருக்கு உடனே நினைவுக்கு வருவது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம்தான். சில சிக்கல்களுக்கு அது சரியான இடம். ஆனால் சில மனுக்கள் அங்கிருந்து கைமாறி, மறுத்த அலுவலகத்தின் மேசைக்கே திரும்பி வந்துவிடும். எந்த முடிவை எதிர்க்கிறோம் என்பதை வைத்துத்தான் எங்கே போவது என்று தீர்மானிக்க வேண்டும்.

லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் “தீர்ப்பாயத்தில் அப்பீல் போடுங்கள்” என்று சொல்லக்கூடும். இங்கிலாந்தில் சிறப்புக் கல்வி வழக்குகளுக்கென்றே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்தின் முடிவை எதிர்த்து, முதலில் உள் மறுஆய்வு கேட்டுவிட்டு, பிறகு நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம் ஊரில் எல்லாவற்றையும் கேட்கும் அப்படி ஓரிடம் கிடையாது. மருத்துவக் குழு, பள்ளிக் கல்வித் துறை, நல அலுவலகம் என்று ஒவ்வொன்றின் முடிவுக்கும் வழி வேறு.

எந்த வழியில் போனாலும் மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். “கிடைக்காதும்மா, போயிட்டு வாங்க” என்ற வாய்வார்த்தையை வைத்து எங்கும் முறையிட முடியாது. தகுதியில்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்கின்றன. தராவிட்டால், தரும்படி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டைக்கான (யூடிஐடி) விண்ணப்ப எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள்.

இருப்பதிலேயே சிக்கலானது சான்றுத் தகராறு. மற்ற உதவிகளில் பெரும்பாலானவை அந்தச் சான்றைப் பொறுத்தே கிடைப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், விக்கிரவாண்டியைத் தாண்டி முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது சான்றுக்கான பரிசோதனைக்குப் பெற்றோர் போகும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆட்டிசத்தை அளக்கப் பயன்படுவது இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல். அதில் 40 கேள்விகள். கண் பார்த்துப் பேசுகிறானா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறானா, வலி தெரியாதவன்போல் இருக்கிறானா, ஏதாவது ஒரு பொருளையே பிடித்துக்கொண்டிருக்கிறானா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அந்த நடத்தை எப்போதாவது தெரிந்தால் 1, எப்போதும் இருந்தால் 5. மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 70 வந்தாலே 40 சதவீதம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல உரிமைகளுக்கு வைத்திருக்கும் எல்லையும் அந்த 40 சதவீதம்தான்.

இதிலிருந்து பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஆட்டிசம் உண்டு என்று எழுதிவிட்டு 30 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்தச் சான்று அளவுகோலோடு பொருந்தவில்லை. மேல்முறையீட்டுக்கு அதுவே வலுவான காரணம். இன்னொன்று, மதிப்பெண் பெரும்பாலும் நாம் சொல்லும் பதிலைப் பொறுத்தது. கூட்டமான அறையில் கையில் செல்போனோடு பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து யாரும் முழு நிலையைக் கண்டுகொள்ள முடியாது. “அடிக்கடி செய்வான் சார்” என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், மிக்சி சத்தத்துக்கு என்ன செய்கிறான், ஒரு வாரத்தில் எத்தனை தடவை கையைக் கடித்துக்கொள்கிறான் என்று நோட்டில் எழுதி எடுத்துப்போங்கள். வீட்டில் எடுத்த வீடியோவும் உதவும்.

மருத்துவக் குழுவின் முடிவை எதிர்க்க, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 59-ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. எந்த அதிகாரியிடம், எத்தனை நாளுக்குள் என்பதை மாநில அரசு வகுக்கிறது. அதை விழுப்புரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். மனுவோடு மதிப்பெண் தாளின் நகலை இணைக்க வேண்டும். மருத்துவமனை தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். புதுச்சேரி ஜிப்மரிலோ முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோர் மேம்பாட்டு நிறுவனத்திலோ குழந்தையைப் பார்த்த அறிக்கை இருந்தால் மனு இன்னும் பலப்படும். சதவீதச் சிக்கலுக்கு என் தேர்வு இந்த மேல்முறையீடுதான். ஆட்சியர் மறுபரிசோதனைக்கு அனுப்பச் சொல்லலாம், மருத்துவர் போட்ட மதிப்பெண்ணைத் திருத்த முடியாது.

அப்படியானால் திங்கட்கிழமை மனு எதற்கு? தாமதத்துக்கு. விண்ணப்பம் மாதக்கணக்கில் நகரவில்லை, மதிப்பீட்டு முகாம் தேதி சொல்லவில்லை, ஒப்புதலான உதவித்தொகை வரவில்லை என்றால் அங்கேதான் போக வேண்டும். மனுவைப் பதிவு செய்து தரும் எண்ணை வைத்துத் தொடர்ந்து கேட்கலாம். நேரில் போக முடியாதவர்களுக்கு முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண் இருக்கிறது. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை வையுங்கள். வீட்டுமனைப் பட்டாவையும் பிள்ளையின் சான்றையும் ஒரே தாளில் எழுதினால் பிள்ளையின் விஷயம் பட்டாவோடு சேர்ந்து வருவாய்த் துறைக்குப் போய்விடும்.

பள்ளிச் சிக்கலுக்கு முதல் இடம் வட்டார வள மையம். சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி, வீட்டுவழிக் கல்வி எல்லாம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அங்கிருந்துதான் வருகின்றன. அங்கே பலிக்காவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. “ஆள் இல்லை” என்ற பதிலுக்கு எதிராகக் காட்ட 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சொன்னது இருக்கிறது: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவை உள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். மனுவில் இந்த வரியைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

இவர்கள் யாரும் அசையாதபோது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் எழுதலாம். வக்கீல் தேவையில்லை. ஆவணங்களை வரவழைக்கவும் அதிகாரியை நேரில் அழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான் என்பது இதன் குறை. ஆனாலும் அதைப் பெற்ற துறை மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் தர வேண்டும். அந்தக் காரணக் கடிதம் பின்னால் நீதிமன்றத்தில் பயன்படும். பள்ளி விவகாரத்தில் ஆட்சியர் மனுவைவிட இதையே நான் மேலாக நினைக்கிறேன்.

கடைசியாக உயர் நீதிமன்ற ரிட் மனு. வக்கீல் செலவை நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. திண்டிவனத்தில் இருப்பவர்கள் நீதிமன்ற வளாகத்து வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம், அல்லது 15100 எண்ணை அழைக்கலாம். மருத்துவப் படிப்புச் சேர்க்கை தொடர்பான ஓம்கார் கோண்ட் வழக்கில், 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மதிப்பீட்டுக் குழுவின் பாதகமான கருத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அது வேறு சூழலில் வந்த தீர்ப்பு, ஆனாலும் மருத்துவக் குழு சொன்னதே இறுதி என்று ஓர் அலுவலர் பேசினால் எடுத்துக் காட்டத்தக்கது.

முறையீடு முடியும்வரை பயிற்சியை நிறுத்தாதீர்கள். பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் (ஆக்குபேஷனல் தெரபி) சிறு வயதில் கிடைப்பது குழந்தைக்குப் பெரிய உதவி. அதற்காக மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போக, கையில் சான்று இருக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த தேதியைக் குறித்துவைத்து, அந்த வாரமே மதிப்பெண் தாள் கேட்டு எழுதுங்கள்.