டிங்கி: இரண்டாம் முறை ஏன் ஆபத்து?

நாட்டில் டிங்கிக் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். சுபாங் ஜெயாவில் கொசு மருந்துப் புகை அடிக்கும்போது, "எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே" என்று அலட்சியமாக இருக்காதீர்கள். தட்டம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மீண்டும் வராது. டிங்கிக் கிருமியிலோ 4 வகைகள் உள்ளன. முதலில் தொற்றிய வகைக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் அந்த வகையைப் பல்லாண்டுகள் தடுக்கும். பின்னர் வேறு வகை நுழைந்தால், அவை அதன்மீது ஒட்டிக்கொள்ளும். ஆனால் முழுமையாகச் செயலிழக்கச் செய்யாது. எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை விழுங்குவது சில வெள்ளை இரத்த அணுக்களின் வேலை. டிங்கிக் கிருமியோ அந்த அணுக்களுக்குள்ளேயே பெருகக்கூடியது! வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இரண்டாம் தொற்று கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இது முக்கியக் காரணம். காய்ச்சல் தணியும் நேரத்தில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.