சங்கிலியும் பற்சில்லும்: பொருத்தம் பார்த்தல்

ஓர் அச்சின் சுழற்சியை மற்றோர் அச்சுக்குக் கொண்டுசெல்லப் பட்டி, பற்சில்லு, சங்கிலி என மூவகைச் சாதனங்கள் உள. பட்டி வழுக்கும், பற்சில்லுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்றல் வேண்டும். வழுக்காமலும் தொலைவிலுள்ள அச்சுக்குச் சுழற்சியைச் சேர்ப்பது சங்கிலியே. நாம் கல்லூரிக்கு ஏறிவந்த துவிச்சக்கர வண்டியிலே நாள்தோறும் கண்ட இச்சாதனத்தின் இலக்கணத்தை மாணவர்க்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

உருளைச் சங்கிலிக்கு 1880 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றவர், சுவிற்சர்லாந்திற் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலே தொழில் நடாத்திய ஹான்ஸ் றெனோல்ட் ஆவர். இச்சங்கிலியிலே தகடுகளை முளைகள் இணைக்கும். முளையைக் குழலும், குழலை உருளையும் சூழ்ந்திருக்கும். பல்லைத் தொடும்போது உருளை சுழல்வதால் தேய்வு குறைகின்றது.

சங்கிலிக்கும் சில்லுக்கும் பார்க்கவேண்டிய பொருத்தங்கள் மூன்று. முதலாவது இடைத்தூரம், அஃதாவது ஒரு முளையின் நடுவிலிருந்து அடுத்த முளையின் நடுவரையுள்ள தூரம். இரண்டாவது உருளையின் விட்டம். மூன்றாவது உட்தகடுகளுக்கு இடைப்பட்ட அகலம். ஒரு பொருத்தம் மட்டும் பார்த்து மணம் முடிப்பாரில்லை. ஆயின் சங்கிலி வாங்குவோர் பலர் இடைத்தூரம் ஒன்றையே பார்த்து அமைகின்றனர்.

அரை அங்குல, அதாவது 12.7 மில்லிமீற்றர் இடைத்தூரமுள்ள சங்கிலிகளை நோக்குவோம். அமெரிக்க முறையின் 40 ஆம் இலக்கச் சங்கிலியில் உருளை விட்டம் 7.92 மில்லிமீற்றர், பிரித்தானிய முறையின் 08 பி சங்கிலியில் 8.51, துவிச்சக்கர வண்டிச் சங்கிலியில் 7.75. முன்னிரண்டின் உள்ளகலம் 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒற்றை வேகத் துவிச்சக்கர வண்டிச் சங்கிலியிலோ 3.2 அளவே. இடைத்தூரம் ஒன்றாயினும் இவை ஒன்றுக்கொன்று மாற்றாகா.

இவ்வுண்மையை நாம் ஒரு தவற்றினாலேயே கற்றோம். அரிசி ஆலையொன்றில் நெல் தூற்றும் பொறியின் சங்கிலி தேய்ந்தபோது, "அரை அங்குலந்தானே" என்று 08 பி சங்கிலியை அமெரிக்க முறைச் சில்லிலே பூட்டினோம். கையாற் சுழற்றியபோது குறையொன்றும் தோன்றவில்லை. பாரம் ஏறியதும், பருத்த உருளைகள் பற்குழியின் அடியிற் படியாது மேலேறின. சங்கிலி அறுந்து, அருகில் நின்ற வேலையாளின் தோளை உராய்ந்து சென்றது. சற்று மேலே பட்டிருப்பின் அவர் கண்ணை இழந்திருப்பார். காப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்ததும் நமது பிழையே.

இனிப் பற்களின் தொகை. சிறிய சில்லுக்கு 17 பற்களேனும் இருத்தல் நன்று. பற்கள் குறையின், சில்லு வட்டம் போலன்றிப் பலகோணம் போற் சங்கிலியை இழுக்கும். 11 பற்களில் வேகம் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு ஏறி இறங்கும், 17 பற்களில் 1.7 பங்கே. சங்கிலியின் கண்ணிகளை இரட்டை எண்ணிலும், சிறிய சில்லின் பற்களை ஒற்றை எண்ணிலும் அமைப்பின், ஒரே கண்ணி ஒரே பல்லை அடிக்கடி சந்தியாது. தேய்வு யாவற்றிலும் பரவும். கண்ணிகள் ஒற்றை எண்ணாயின் வளைந்த இணைப்புக் கண்ணி வேண்டப்படும். அது வலிமை குன்றியது.

சங்கிலி "நீண்டது" என்பர். தகடு நீள்வதன்று, முளையும் குழலும் தேய்வதே அதன் காரணம். அரை அங்குலச் சங்கிலியில் 24 கண்ணிகள் 304.8 மில்லிமீற்றர். இறுக்கிப் பிடித்து அளக்கையில் 311 ஐ எட்டின், நூற்றுக்கு 2 பங்கு நீண்டதாம், அதனை மாற்றுக. அப்பொழுது சில்லையும் நோக்குக. பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பின் அதனையும் மாற்றுக. தேய்ந்த சில்லிற் பூட்டிய புதுச் சங்கிலி விரைவிற் கெடும்.

மாணவ நண்பர்காள்! கடைக்குச் செல்லுமுன் வேணியர் இடுக்கிமானியை எடுத்து மூன்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் செல்வது ஐந்து நிமிடம். அதனாற் காக்கப்படுவது ஒருவரின் கண்ணாகவும் இருக்கலாம்.