உருவத்தின் உயரமும் கோலின் நீளமும்

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரையிலுள்ள சுவாமிமலையில் ஐம்பொன் வார்க்கும் ஸ்தபதிகளும், அதே தஞ்சைத் தரணியில் கணினித் திரைக்கு முன் அமர்ந்து போசர், டாஸ் ஸ்டுடியோ, பிளெண்டர் முதலிய மென்பொருள்களில் மனித உருவங்களை நிறுத்தியும் வளைத்தும் பழகும் இளைஞர்களும், கருவியால் வேறுபட்டவர்களேயாயினும், தொழிலின் வாசற்படியிலேயே எதிர்கொள்ளும் வினா ஒன்றுதான்: இவ்வுருவத்தின் உயரம் எவ்வளவு, அதை எந்தக் கோலால் அளந்து சொல்வது? இவ்வினாவைச் சுற்றி வழங்கிவரும் நம்பிக்கைகள் சிலவற்றை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை: தசதாலம் என்றால் பெரிய விக்கிரகம், பஞ்சதாலம் என்றால் சிறிய விக்கிரகம்.

உண்மை: சிற்ப சாஸ்திரத்தின் அளவு முறையான தாலக் கணக்குக்கும் விக்கிரகத்தின் உயரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, அங்கங்கள் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் அமைய வேண்டும் என்பதையே அது விதிக்கிறது. தாலமானத்தைப் பற்றி 1920-ல் வெளிவந்த தனி நூலில் து. அ. கோபிநாத ராவ் அவர்கள், அங்குலம் என்ற ஒரே பெயரில் சிற்ப சாஸ்திரம் மூன்று அளவுகளைக் கையாள்வதைத் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். யவம் என்னும் தானிய மணி எட்டை அடுக்கிப் பெறுவது மானாங்குலம். விரலின் கணுவைக் கொண்டு பெறுவது மாத்திராங்குலம். செய்யவிருக்கும் உருவத்தின் உயரத்தையே 124, 120, 116 என்று சாஸ்திரம் சொல்லும் எண்ணால் வகுத்துப் பெறுவது தேகலப்தாங்குலம். இம்மூன்றாவது அங்குலத்துக்கு உருவத்துக்கு வெளியே நீளம் என்பதே கிடையாது.

சிவபிரானுக்கும் திருமாலுக்கும் உரிய உத்தம தசதாலத்தில் உயரம் 124 அங்குலம். அதில் உச்சிக்கு 4, முகத்துக்கு 13½, கழுத்துக்கு 4, கழுத்தடியிலிருந்து மார்பு, நாபி, மர்மஸ்தானம் வரை மும்முறை 13½, தொடைக்கு 27, முழங்காலுக்கு 4, கணைக்காலுக்கு 27, பாதத்துக்கு 4 என்பது ஒரு பாடம். கூட்டிப் பார்த்தால் மர்மஸ்தானத்துக்குக் கீழே 62, மேலே 62 என்று உருவம் சரிபாதியாக நிற்பதைக் காணலாம். சுவாமிமலை ஸ்தபதி, வேண்டிய உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து இப்பகுப்புக்களைக் குறித்துக்கொள்கிறார். ஓலை ஒரு சாணாயினும் ஓராள் உயரமாயினும், மடிப்புக்களின் விகிதம் மாறுவதில்லை. பஞ்சதாலத்தில் அமைந்த பிள்ளையாரைப் பத்தடி உயரத்தில் வார்த்தாலும் அவர் பஞ்சதாலப் பிள்ளையாரே.

நம்பிக்கை: மென்பொருளில் 1 என்று காட்டினால், அது ஒரு மீட்டராகவோ ஓர் அடியாகவோதான் இருக்க வேண்டும்.

உண்மை: டாஸ் ஸ்டுடியோவின் அலகு 1 சென்டிமீட்டர், பிளெண்டரின் இயல்பான அலகு 1 மீட்டர், போசரின் உள்ளலகோ ஏறக்குறைய 8.6 அடி, அதாவது 262 சென்டிமீட்டர். உருவங்களை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லப் பெரிதும் பயன்படும் ஓ.பி.ஜே. கோப்பு, எண்களை மட்டும் சுமந்து செல்கிறதேயன்றி, அவை எந்தக் கோலின் எண்கள் என்பதைச் சொல்வதில்லை. ஆகவே டாஸ் ஸ்டுடியோவில் 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மங்கை, அளவு மாற்றப்படாமல் பிளெண்டருக்குள் புகுந்தால், 170 மீட்டர் உயரத்தில், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலாக நிற்பாள். போசரிலிருந்து அவ்வாறே வந்தாலோ 65 சென்டிமீட்டர்க் குழந்தையாகச் சுருங்கிவிடுவாள். மென்பொருளில் பழுதில்லை, அனுப்பும்போது நூறில் ஒன்றாகக் குறைத்தோ, 2.62 மடங்காகப் பெருக்கியோ அனுப்ப வேண்டியது நம் கடமை.

நம்பிக்கை: தமிழின் உயிர்மெய் எழுத்துக்கள் 216 ஆதலால், இராசராசன் பெரிய கோயில் விமானத்தை 216 அடியாக எழுப்பினான்.

உண்மை: விமானத்தின் உயரமாகப் பலரும் சொல்லும் இந்த 216, ஆங்கிலேயர் நம் நாட்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அடியின் கணக்கு. அந்த அடி 30.48 சென்டிமீட்டர் என்று நாடுகள் கூடி இறுதியாக நிர்ணயித்தது 1959-ல். கோயில் நிறைவெய்தியதோ 1010-ல். அதே உயரத்தை மீட்டரில் சொன்னால் 66-க்குச் சற்றுக் குறைவாக வருமேயன்றி எழுத்துக் கணக்கு வாராது. சோழர் கல்வெட்டுக்கள் முழத்தாலும் விரலாலும் பேசுபவை. நிலத்தை அளக்கும்போதுகூடப் பன்னிரு சாண் கோலா, பதினாறு சாண் கோலா என்பதைச் சொல்லிவிட்டே குழிக் கணக்குக்குப் போகும் அவற்றின் நிதானம், கோலைக் கேளாமல் எண்ணை வியக்கும் நம்மிடம் இல்லை.

நம்பிக்கை: அடியிலிருந்து முடிவரை அளந்தால் உருவத்தின் உயரம் கிடைத்துவிடும்.

உண்மை: எந்த அடி, எந்த முடி என்று முதலில் வரையறுக்க வேண்டும். இராசராசன் அளித்த செப்புத் திருமேனிகளைப் பற்றிய பெரிய கோயில் கல்வெட்டுக்கள், கோயிலிலேயே வைத்திருந்த முழக்கோலால் அளந்ததாகக் கூறி, உயரத்தைப் பாதாதிகேசாந்தமாக, அதாவது பாதம் முதல் கேசம் வரை குறித்து, பீடத்தின் அளவைப் பிரித்தே சொல்கின்றன. மென்பொருளில் உருவத்தைச் சூழ்ந்து நிற்கும் எல்லைப் பெட்டியோ கொண்டையையும் பாதரட்சையையும் தூக்கிய கையையும் சேர்த்தே அளப்பது. உருவத்தை உட்கார வைத்தால் பெட்டி குறுகுமே தவிர, உருவத்தின் அளவு குறைவதில்லை. உயரத்தை அறிய விரும்புவோர், அணிகளை நீக்கி, நேராக நிறுத்தி, குதிகாலிலிருந்து உச்சி வரை அளக்க வேண்டும்.

நம்பிக்கை: பார்வைக்கு விகிதம் சரியாக இருந்தால், அளவு பிசகுவதால் பாதகமில்லை.

உண்மை: அசையாத படத்துக்கு இது ஓரளவு பொருந்தும், பொருளுக்கு எடையும் இயக்கமும் வந்தபின் பொருந்தாது. கனவார்ப்பு விக்கிரகத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் வேண்டிய உலோகம் எட்டு மடங்காகும் என்பதை ஸ்தபதி அறிவார். மெழுகு உருவை நிறுத்துப் பார்த்தே உலோகத்தின் எடையை அவர் நிர்ணயிக்கிறார். கணினியில் துணியின் அசைவைக் கணக்கிடும் கருவியும் அவ்வாறே அலகை நம்பி ஈர்ப்பு விசையைப் பிரயோகிக்கிறது. காற்றின் தடையை விலக்கிக் கணக்கிட்டால், 170 சென்டிமீட்டர் மங்கையின் தோளிலிருந்து சேலைத் தலைப்பு ஏறக்குறைய அரை விநாடியில் தரையைத் தொடும். அவள் 170 மீட்டராக நின்றால், அதே தலைப்பு விழ ஐந்து விநாடிக்கு மேலாகும். துணி ஏன் நீரில் மிதப்பதுபோல் இறங்குகிறது என்று துணியின் குணங்களை மாற்றிமாற்றிப் பார்ப்போர், முதலில் உருவத்தின் உயரத்தைப் பார்ப்பது நலம்.

ஆகவே, உருவம் சமைக்கும் அன்பர்கள், எந்த எண்ணையும் ஏற்குமுன் மூன்றை விசாரித்துக்கொள்க: அளந்த கோல் எது, எங்கிருந்து எதுவரை அளந்தார்கள், அது நீளமா விகிதமா? இம்மூன்றையும் கோப்பின் பெயரோடு ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டால், பின்னர் அதைத் திறப்பவருக்கு ஊகிக்க வேண்டிய வேலை இராது.